லயத்திலிருந்து கிளினிக் வரை: தோட்ட சுகாதார வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் ஏதாவது ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மருத்துவ உதவி செய்யவேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் போடுகிற திட்டம் ஒரு நாள் முகாம். கொழும்பிலிருந்து இரண்டு டாக்டர்மார், வேன் நிறைய மருந்து, கோவில் மண்டபம், பேனர், மத்தியானச் சாப்பாடு. காலையில் பெரிய வரிசை நிற்கும். பின்னேரம் எல்லார் கையிலும் பெனடோல், ஒரு விற்றமின் அட்டை, ஒரு போத்தல் இருமல் பாணி. வேன் மலையிறங்கிப் போய்விடும். பிரஷர் 180 என்று அன்றைக்குத்தான் தெரியவந்த அக்கா மறுநாள் எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்பதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

முகாம் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. அது ஐந்தாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ வரவேண்டிய காரியம். அதற்கு முன்னால் செய்யவேண்டியதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நுவரெலியா மாவட்டத்தை மனதில் வைத்து எழுதினாலும் பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு கிளினிக் நாளைக் கணக்குப் போடுங்கள்

இலங்கையில் அரசாங்க வைத்தியம் இலவசம். டாக்டருக்கும் காசில்லை, மருந்துக்கும் காசில்லை. அப்புறம் என்ன பிரச்சினை?

மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல்பக்க டிவிஷனில் (பிரிவில்), இருக்கிற ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். மாதாந்தக் கிளினிக்குக்குப் போக அவர் விடிய நாலரைக்கு எழும்பவேண்டும். பிள்ளைகளுக்கு ரொட்டி தட்டி வைத்துவிட்டு, இருட்டோடு இருட்டாகப் பெரிய ரோட்டுக்கு இறங்கவேண்டும். பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் ஓட்டோ. ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொரு வரிசை. வீடு திரும்ப மூன்று மணியாகும். அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போச்சு. வேலைக்கு வந்த நாட்களைப் பார்த்துக் கொடுக்கிற கொடுப்பனவு ஏதாவது இருந்தால் அதிலும் அடி விழும். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் போவார். அதற்குப் பிறகு, "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடுவார். பிரஷருக்கு வலி கிடையாது என்பதுதான் அதில் இருக்கிற ஆபத்து.

ஆக, இலவச வைத்தியத்துக்கு ஒரு விலை இருக்கிறது: ஒரு நாள் சம்பளமும் ஒரு ஓட்டோக் காசும். நீங்கள் எந்தத் திட்டம் போட்டாலும் அது இந்த விலையைக் குறைக்கிறதா என்று பாருங்கள். குறைக்காவிட்டால் அதை விட்டுவிடலாம்.

யார் பொறுப்பு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவை. இந்த நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது. வீடு வீடாகப் போகும் மருத்துவமாது, அதாவது அரசாங்க மிட்வைஃப், அந்த அமைப்பின் முதுகெலும்பு. தோட்டங்கள் அதற்கு வெளியே நின்றன. 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியின் வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக இருந்தது. ஒரு டிஸ்பென்சரி, ஒரு தோட்ட வைத்தியர், ஒரு மிட்வைஃப் என்று அது ஒரு தனி உலகம். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது, மற்றவை கம்பெனியின் டிஸ்பென்சரியாகவே இருக்கின்றன. இதனால் ஒரே லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) அரசாங்க மருத்துவமாதும் வருவார், தோட்டத்து மிட்வைஃபும் இருப்பார். வேறு ஒரு தோட்டத்தில் இருவருமே சரியாக வராமலும் இருக்கலாம்.

இந்தப் பின்தங்கலின் தடம் கணக்கிலும் தெரிகிறது. 2016ஆம் ஆண்டு நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் மட்டும் 31.7.

ஒரு கொப்பி வாங்கி, நீங்கள் போகப்போகிற தோட்டத்துக்கு உரியவர்களை எழுதுங்கள். பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி, அதாவது எம்.ஓ.எச். பொதுச் சுகாதார மருத்துவமாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எல்லாரும் பீ.எச்.ஐ. என்றுதான் சொல்வார்கள். தோட்ட வைத்திய உதவியாளர், சனங்களுக்கு அவர் 'டாக்டர் ஐயா'. தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர், பிள்ளைக் காம்பராவை (வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தை) பார்த்துக்கொள்கிறவர், கிராம சேவகர். கிட்டடி அரசாங்க ஆஸ்பத்திரி எது, அதில் எந்தக் கிளினிக் எந்தக் கிழமை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் நுவரெலியாவுக்கா, டிக்கோயா கிளங்கனுக்கா, நாவலப்பிட்டிக்கா, கண்டிக்கா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பக்கம் முழுதாக நிரம்பும்வரை தோட்டத்துக்குள் காலடி வைக்கவேண்டாம்.

எம்.ஓ.எச். கந்தோர், அடுத்தது துரை

இந்த வரிசையை மாற்றவேண்டாம். தோட்டம் தனியார் நிர்வாகத்தில் இருப்பதால் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதி கட்டாயம் வேண்டும். ஆனால் எம்.ஓ.எச். கந்தோரிலிருந்து ஒரு கடிதத்தோடு போனால் துரையிடம் பேச்சு சுருக்கமாக முடியும். வெறும் கையோடு போனால் "கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்" என்பார், அதோடு இரண்டு மாதம் போய்விடும்.

எம்.ஓ.எச்.சிடம் போகும்போது உங்கள் திட்டத்தை விரித்துச் சொல்வதற்கு முன், "உங்களுக்கு எந்த டிவிஷன் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். மருத்துவமாதுக்குப் போக முடியாத டிவிஷன் எது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மருத்துவமாது பல தோட்டங்களைத் தனியாகச் சுமப்பது சாதாரணம், பஸ் போகாத இடத்துக்கு நடந்துதான் போகவேண்டும். நீங்கள் மருத்துவமாதுக்குக் கால்களாக இருக்கமுடியும் என்று தெரிந்தால் உங்களுக்குக் கதவு திறக்கும். அவரைக் குறை சொல்ல வந்தவர் மாதிரித் தெரிந்தால், எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள், காரியம் நடக்காது.

டாக்டரை அழைத்துப்போகும் எண்ணம் இருந்தால் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ளவராக இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் நம் டாக்டர்மாருக்கும் இந்தப் பதிவு இல்லையென்றால் தற்காலிகப் பதிவு தேவை. நீங்கள் டாக்டர் இல்லையென்றால் எந்த மருந்தும் கொடுக்கவேண்டாம். முக்கியமாக, மிச்சமான அன்டிபயோட்டிக்கைச் சேர்த்துக் கொண்டுபோகும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

துரையிடம் மூன்றே விஷயம்: எந்த டிவிஷன், எந்த நேரம், யார் யார் வருவார்கள். அவருக்கு இருக்கிற பயம் இரண்டு. நீங்கள் தொழிற்சங்க வேலை பார்க்க வந்தவரோ, அல்லது போட்டோ எடுத்து முகநூலில் போட வந்தவரோ என்பது. இரண்டாவது பயம் நியாயமானது. நோயாளிகளைப் படமெடுப்பதில்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், சொன்னபடியே நடங்கள். அப்படியே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரையும் மாதர் சங்கத் தலைவியையும் பார்க்கவேண்டும். ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று சங்கம் இருக்கும். ஒரு தலைவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் மற்றச் சங்கத்து ஆட்கள் வரமாட்டார்கள்.

எந்த நாளில் போவது

வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போனால் லயத்தில் கிழவர்களும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் வீட்டுக்கு வருவதற்கு நாலரை, ஐந்து ஆகும். வந்ததும் விறகு, தண்ணீர், அடுப்பு. ஆக ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது, பத்து மணிக்குப் பிறகு எல்லாரும் டவுனுக்குப் போய்விடுவார்கள். சம்பள நாளும் அதற்கு அடுத்த நாளும் வேண்டாம். மாரியம்மன் திருவிழா நேரமும் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் நாட்களும் வேண்டாம், வேண்டுமானால் சாமி கும்பிடப் போங்கள். நிறையக் கொழுந்து வருகிற மாதங்களில் ஞாயிறு வேலையும் இருக்கும், கணக்கப்பிள்ளையிடம் (வேலையை மேற்பார்க்கிறவரிடம்) கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் தடவைகளில் கையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். பிரஷர் மெஷினும் வேண்டாம். நடங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பீலிக்கு (தண்ணீர் வந்து விழும் இடத்துக்கு) மேலே மாட்டுப் பட்டி இருக்கிறதா, கக்கூஸ் எத்தனை வீட்டுக்கு ஒன்று, ரோட்டிலிருந்து கடைசி லயத்துக்கு ஒரு நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்க எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் காலால்தான் தெரியவரும். தண்ணீர் விஷயத்தில் சந்தேகமிருந்தால் நீங்கள் எதுவும் பேசாமல் பீ.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப அவருக்குத்தான் வழியிருக்கிறது.

பேசும் இடம்

லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், சுவர் கூரை வரை எழும்பாத லயங்களும் உண்டு. இந்த வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒருவரிடம் காசநோய் பற்றியோ, ஒரு பெண்ணிடம் வெள்ளைபடுதல் பற்றியோ கேட்டால், பதில் எப்போதும் "ஒண்ணுமில்லை" என்றுதான் வரும்.

பெண்களோடு பேச நல்ல இடம் பிள்ளைக் காம்பரா, பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரம். ஆண்களோடு பேச கோவில் திண்ணை. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு ஊக்கப்பணம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றிய கசப்பு வயதான பெண்களிடம் இன்னும் இருக்கிறது. வெளியாள் ஒருவர் வந்து "எத்தனை பிள்ளை, ஒப்பரேஷன் செய்தாச்சா?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் கேள்வியை மருத்துவமாதிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு மெலிவு என்று யாராவது இருந்தால் தனியாகக் கூப்பிட்டு மாவட்ட மார்புநோய் கிளினிக்குக்கு வழி சொல்லுங்கள். சளிப் பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் போய்வர ஏற்பாடு செய்தால்தான் அவர் ஆறு மாதமும் முடிப்பார்.

எதைப் பார்ப்பது

எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படவேண்டாம். நான்கைந்து விஷயத்தை எடுத்து அதை விடாமல் தொடர்ந்தால் போதும்.

பிரஷர். அளப்பது சுலபம், பிழையாக அளப்பது அதைவிடச் சுலபம். படியேறி மூச்சிரைக்க வந்தவரை உடனே அளந்தால் எல்லாருக்கும் பிரஷர்தான். கதிரையில் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணி குடித்தாரா, வெத்தலை போட்டாரா என்று கேளுங்கள். குளிருக்குப் போட்டிருக்கும் ஸ்வெட்டரின் மேலே கட்டாதீர்கள், கையை உருவித்தான் கட்டவேண்டும். கை நெஞ்சுயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவை அளங்கள். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நாளும் அளந்துவிட்டுக் கிளினிக்குக்கு அனுப்புங்கள், ஒரு நாள் அளவை வைத்து "உங்களுக்குப் பிரஷர்" என்று முத்திரை குத்தவேண்டாம். 180க்கு 120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, தலைசுற்றல், கை கால் விளங்காமை, பேச்சுக் குழறல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011இலிருந்து இருக்கின்றன. 35 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சீனியும் (நீரிழிவும்) அங்கே பார்ப்பார்கள். உங்கள் மெஷினைவிட அந்த நிலையத்து அட்டைக்குத்தான் ஆஸ்பத்திரியில் மதிப்பு.

இரத்தச் சோகை. இதில்தான் தேயிலைத் தோட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையைக் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். அதை வீட்டில் எதோடு விழுங்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சாயத் தண்ணியோடு. தேயிலையில் இருக்கிற டனின் இரும்பு உடம்பில் சேருவதைத் தடுக்கும். மாத்திரையைச் சரியாகப் போட்டும் ஏறவில்லையே என்று மருத்துவமாது தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார், காரணம் கோப்பையில் இருக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம், வெறும் தண்ணீர் அல்லது தேசிக்காய்த் தண்ணீர், கூடவே கிளினிக்கில் கொடுக்கும் விற்றமின் சீ மாத்திரை. கல்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் போடவேண்டும். மலம் கறுப்பாகப் போகும், வயிறு கொஞ்சம் பிரட்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போகும். படுக்கப் போகும்போது போடுவது நிறையப் பேருக்கு ஒத்துவருகிறது, அந்த நேரத்தில் தேத்தண்ணி குடிப்பவர்கள் குறைவு.

மூத்திரக் கடுப்பு. கொழுந்தெடுக்கும் பெண்களிடம், "மலைக்குப் போகும்போது தண்ணி கொண்டு போறீங்களா அக்கா?" என்று கேளுங்கள். பலர் ஒரு சின்னப் போத்தலில் தேத்தண்ணி மட்டும் கொண்டுபோவார்கள், அதையும் முழுதாகக் குடிப்பதில்லை. மலையில் கக்கூஸ் கிடையாது. குடித்தால் ஒதுங்க இடம் தேடவேண்டும், தேடினால் கொழுந்து குறையும், சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர். காலையிலிருந்து பின்னேரம் வரை அடக்கிவைத்த மூத்திரம் நோயாக வருகிறது. "தண்ணி நிறையக் குடிங்க" என்று அறிவுரை சொல்லிவிட்டு வருவது இங்கே பகிடி மாதிரி இருக்கும். மலையில் ஒரு தற்காலிகக் கக்கூஸ் வைக்க முடியுமா என்று துரையிடமும் சங்கத்திடமும் பேசுவதுதான் இந்த நோய்க்கு வைத்தியம். இதைத் தலைவியை முன்னால் வைத்துப் பேசுங்கள். நீங்கள் தனியாகப் போய்ப் பேசினால் எடுபடாது.

வாய். வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நாலும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய்க்கு வழி. குளிருக்கும் பசிக்கும் அது ஒரு துணை என்பதால், விடச் சொன்னால் விடமாட்டார்கள். ஆனால் வாயைப் பார்க்க விடுவார்கள். போன் வெளிச்சம் போதும். கன்னத்தின் உட்பக்கமும் நாக்கின் அடியும் முக்கியம். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், மூன்று விரல் நுழைய வாய் திறக்கமுடியாமை, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிப் பல் டாக்டரிடம் அனுப்புங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் வைத்தியம் சுலபம். பிந்தினால் கண்டி, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று அலையவேண்டிவரும். அந்த அலைச்சலைத் தாங்காமலே பாதியில் நிறுத்தியவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருப்பார்கள்.

பிள்ளைகளின் நிறை. இதை மருத்துவமாதும் பிள்ளைக் காம்பராவும் பார்க்கிறார்கள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் நிறைக் கோடு கீழே இறங்குகிறதா என்று பார்த்து, இறங்கினால் மருத்துவமாதிடம் சொல்வதோடு உங்கள் வேலை முடிந்தது. தாய் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போயிருக்கும் வீட்டில் பாட்டியைத் திட்டாதீர்கள். ஒரு பிள்ளைக்குக் கொடுத்த திரிபோஷாச் சத்துமாப் பைக்கட் நாலு பிள்ளைக்கும் பங்காவதைத் தடுக்க உங்களால் முடியாது, எனக்கும் வழி தெரியாது.

35 வயதுப் பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக் ஒன்று எம்.ஓ.எச். பிரிவுகளில் நடக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை, மார்புப் பரிசோதனை எல்லாம் அதில் உண்டு. நாலைந்து பேராகச் சேர்ந்து போனால்தான் பெண்கள் போவார்கள், ஆகவே ஒரு ஓட்டோவை நிரப்பும் அளவுக்கு ஆள் சேர்க்கப் பாருங்கள்.

கிளினிக் நாளில் கூடப் போங்கள்

முதல் மூன்று மாதமும் இதுதான் முக்கிய வேலை. பெயர்ப் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். ஒரே கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு ஒரே திகதியைக் கேட்டு வாங்குங்கள். கிளினிக்குப் பொறுப்பான தாதியிடம் "இவர்கள் ஒரே டிவிஷன், ஒரே வாகனத்தில் வருகிறார்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் செய்துகொடுப்பார். ஒரு வேன் பேசிக் காசைப் பங்கிட்டால் தனி ஓட்டோவைவிட மலிவு. நிலையானவர்களுக்கு இரண்டு மாத மருந்து சேர்த்துத் தரமுடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்காதவரை யாரும் தரமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பல டாக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் தமிழ் வராது. "கொஹெத ரிதென்னே?" (எங்கே வலிக்கிறது?) என்று சிங்களத்தில் கேட்டால் தாத்தா நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். எரிகிறதா, குத்துகிறதா, பாரமாக இருக்கிறதா என்ற வித்தியாசம் அந்த இடத்தில் காணாமல் போய்விடும். நீங்கள் சிங்களம் தெரிந்தவர் என்றால் கூட நின்று மொழிபெயருங்கள், உங்கள் கருத்தைச் சேர்க்காமல். தெரியாதவர் என்றால் முதல் நாளே அவர் சொன்னதைச் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு நாலு வரியில் எழுதுவித்து, கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள்.

மருந்து சின்னக் கடதாசி உறைகளில் வரும், மேலே சிங்களத்தில் அவசரக் கையெழுத்து. வெளியே வாங்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு உறையிலும் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு பிறை வரைந்து, எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி வையுங்கள். எது பிரஷருக்கு, எது சீனிக்கு என்று தமிழில் எழுதுங்கள். பாட்டிக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பேரன் வாசிப்பான்.

பெயர் விஷயத்தில் கவனம். ஒரே ஆளின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதம், செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) ஒரு விதம், கிளினிக் கொப்பியில் இன்னொரு விதம் என்று இருக்கும். பழைய பதிவு தேடும்போது கிடைக்காமல் போவது இதனால்தான். அடையாள அட்டையில் இருக்கிறபடியே கிளினிக் கொப்பியிலும் எழுதச் சொல்லுங்கள்.

அவசரம் வந்தால்

1990 என்ற நம்பருக்குப் போன் செய்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. தமிழிலும் பேசலாம். சிக்கல் என்னவென்றால் லயத்துக்கு விலாசம் இல்லை. "பெரிய ஆலமரத்துக்குப் பக்கத்தில் மூணாம் நம்பர் லயம்" என்றால் எங்கேயோ இருக்கிற ஒருவருக்கு என்ன புரியும்? ஒவ்வொரு லயத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள்: தோட்டத்தின் பெயர், டிவிஷன், கிட்டடிப் பெரிய ரோட்டுச் சந்தி, எந்த டவுனிலிருந்து எத்தனை கிலோமீற்றர், தமிழிலும் சிங்களத்திலும். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டுங்கள். பிறகு இளைஞர்களைக் கூட்டி, யார் போன் செய்வது, யார் சந்தியில் நிற்பது, அம்புலன்ஸ் ஏறமுடியாத இடத்திலிருந்து யார் தூக்குவது, பலகை எங்கே இருக்கிறது என்பதை ஒரு தடவை நடத்திப் பாருங்கள். தோட்ட லொறிச் சாரதியின் நம்பரும் அந்தத் தாளில் இருக்கட்டும், அவரிடம் கேட்டுவிட்டு.

குளவிக் கொட்டு தோட்டத்தில் அடிக்கடி நடக்கிற விபத்து. கூடு கலைந்தால் ஓடவேண்டும், முகத்தையும் தலையையும் இடுப்பில் கட்டும் படங்கால் மூடிக்கொண்டு. கொட்டு வாங்கியவருக்கு உதடு, முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்று ஒன்று தெரிந்தாலும், அல்லது நிறையக் கொட்டு விழுந்திருந்தாலும், சுண்ணாம்பு தடவிக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரி.

லயத்திலிருந்தே ஒருவர்

நீங்கள் எப்போதும் இருக்கப்போவதில்லை. மூன்றாம் மாதத்துக்குள் ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு பெண்ணையாவது கண்டுபிடியுங்கள். படிப்பைவிட முக்கியம், மற்றப் பெண்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல யாரிடம் போகிறார்கள் என்பது. இது புதுசான யோசனை ஒன்றுமில்லை. மகாராஷ்டிராவின் ஜாம்கெட்டில் ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்ற டாக்டர் தம்பதி 1970இலிருந்து எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதார வேலையை நடத்திக் காட்டினார்கள். 1978இல் அல்மா-அட்டாவில் ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பு எல்லாருக்கும் என்று நாடுகள் பிரகடனம் செய்தபோது, சமூகச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். ஹெயிட்டியில் போல் ஃபார்மரும் அவருடைய சகாக்களும், நோயாளி வீட்டுக்குப் போய் மருந்து கொடுக்கும் உள்ளூர் ஆட்களுக்குக் காசு கொடுத்தே வேலை செய்வித்தார்கள்.

அந்தக் காசு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. நாள் சம்பளத்தில் வாழும் பெண்ணிடம் "சேவையாகச் செய்யுங்கள்" என்று கேட்பது நியாயமில்லை. முகாமுக்குப் பேனரும் சாப்பாடும் போடுகிற காசை மிச்சம் பிடித்தால் ஒருவருக்குக் கிளினிக் நாட்களுக்கான பேரையாவது ஈடுசெய்யலாம். போன் ரீலோட், ஒரு குடை, ஒரு நல்ல சப்பாத்து இதெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியது அதிகமில்லை. யார் யாருக்கு எந்தத் திகதியில் கிளினிக், யார் மருந்தை நிறுத்திவிட்டார், எந்தக் கர்ப்பிணி இன்னும் பதியவில்லை. எட்டாம் வாரத்துக்குள் பதிந்தால் நல்லது என்பதை அவர் மற்றப் பெண்களிடம் சொன்னால் கேட்பார்கள். ஒரு கொப்பி, மாதத்துக்கு ஒரு பக்கம். அந்தக் கொப்பியை அவர் மாதாமாதம் மருத்துவமாதிடம் காட்டவேண்டும், உங்களிடம் காட்டுவது இரண்டாம் பட்சம்.

இப்போது முகாம் வைக்கலாம்

பட்டியல் இருக்கிறது, கிளினிக் திகதி தெரியும், கூட்டிப்போக ஆள் இருக்கிறது. இனி வருகிற டாக்டருக்கு வேலையிருக்கும். கண் பரிசோதனை, பல், தோல் மாதிரி டிவிஷனுக்கு வராத வைத்தியங்களை முகாமில் வையுங்கள். பிரஷருக்கும் சீனிக்கும் முகாமில் புது மருந்து தொடங்கவேண்டாம். ஒவ்வொருவரும் போகும்போது கையில் ஒரு துண்டு இருக்கவேண்டும்: அடுத்தது எங்கே, எந்தத் திகதி, கூட யார் வருவார். அந்தத் துண்டின் பிரதி தோட்டத்துப் பெண்ணின் கொப்பியில். எம்.ஓ.எச். கந்தோரிலிருந்து ஒருவரையாவது அன்றைக்கு வரவழைத்தால் கிளினிக் பதிவை அங்கேயே செய்துவிடலாம்.

மழைக்கு முன்

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதக் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். பதுளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போனது இந்த மழையில்தான். மழை தொடங்குவதற்கு முந்திய கிளினிக்கில், மாத மருந்து குடிக்கிற எல்லாருக்கும் இரண்டு வார மருந்து கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், ரோடு சரிந்தால் போக வழியிருக்காது. கர்ப்பிணிகளின் பிரசவத் திகதியைப் பார்த்து, மழை உச்சத்தில் வருகிறவர்களை முன்கூட்டியே டவுனில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று குடும்பத்தோடு பேசுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்து பள்ளிக்கூடத்திலோ கோவிலிலோ தங்கவேண்டிவந்தால் யார் யாருக்கு இன்சுலின், யாருக்கு இழுப்புக்குப் பம்ப் என்ற பெயர்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டிவைக்கச் சொல்லுங்கள்.